ஒன்பதாம் வரிசையில் ஜன்னல் ஓரம்

எஹலியகொட பஸ் நிலையத்துக்கு எதிரே, இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில் ஸப்ரியின் டிக்கட் கடை இருக்கிறது. அங்கே டிக்கட் போடப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு கொஞ்சம் பொறுமையையும் கொண்டுபோக வேண்டும். எந்த ஊருக்கு, எந்தத் தேதி என்று கேட்டுவிட்டு மற்ற ஏஜண்டுகள் விட்டுவிடுவார்கள். ஸப்ரி அதோடு விடமாட்டார். பகலிலா பறக்கிறீர்கள், இரவிலா? வெயில் கண்ணில் அடித்தால் தாங்குவீர்களா? கடல் பார்க்க ஆசையா, மலை பார்க்க ஆசையா? இதையெல்லாம் கேட்டு முடித்தபின்தான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவார்.

மலேசியாவுக்குக் காலை விமானத்தில் போகிறவர்களை வலப்பக்கம் போடுவார். ஏறிப் பத்து நிமிஷத்தில், மேகம் விலகியிருந்தால், சிவனொளிபாதம் என்கிற பாவா ஆதம் மலை முக்கோணமாக எழுந்து நிற்கும் என்பார். சென்னைக்குப் போகிறவர்களுக்கு இடப்பக்கம், திருச்சிக்குப் போகிறவர்களுக்கு வலப்பக்கம். இரண்டு பயணத்திலும் மன்னார்க் கடலின் மணல்திட்டுகளைப் பார்க்கலாம், ஆனால் பக்கம் மாறும். இறக்கை மறைக்கும் வரிசைகள் எவை, ஜன்னல் சீட் என்று பெயர் வைத்துவிட்டு ஜன்னலே இல்லாமல் வெறும் சுவர் இருக்கும் வரிசை எது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

இத்தனையும் தெரிந்த மனிதர் ஐம்பத்தாறு வயது வரைக்கும் விமானத்தில் ஏறியதில்லை.

இந்த ஜன்னல் பைத்தியம் அவருக்குப் பிடித்தது தர்மிளா என்ற பெண்ணால். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்போது ஸப்ரி மச்சானின் கடையைப் பொறுப்பெடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டிக்கட் போடும்போது ஜன்னல் சீட் ஒன்று காலியாக இருந்தது, சும்மா போட்டுக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தவள் நேரே கடைக்கு ஏறி வந்தாள்.

"மொதலாளி, அன்னிக்கு அழுதுகிட்டேதான் ஏறினேன். நீங்க குடுத்த சீட்டுல இருந்து கீழ பாத்தா நீர்கொழும்புக் களப்புத் தண்ணியும் படகும் பொம்ம மாதிரி தெரிஞ்சிச்சுங்க. அழுகைய மறந்துட்டேன். அந்தப் பத்து நிமிசம் ஒன்னுதான் ரெண்டு வருசத்துல எனக்குன்னு இருந்திச்சு."

ஸப்ரி அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் ஒரு சதமும் செலவில்லாமல் இப்படி ஒன்றைக் கொடுக்க முடியுமென்றால் ஏன் கொடுக்கக் கூடாது? அதன் பிறகு போய் வருகிறவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்து, எந்தப் பக்கம் இருந்தீர்கள், எதைக் கண்டீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். கேட்டதை எழுதிவைத்த ஒரு சி.ஆர். கொப்பி நிறைந்து இன்னொன்று வாங்கினார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஐயாவு. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்து நாலில், தோட்டத்து மக்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பும் ஒப்பந்தத்தின்படி, தம்பி குடும்பத்தைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள், இவர் மட்டும் இங்கே தங்கிவிட்டார். நாற்பத்து நாலு வருஷம் கழித்துத் தம்பியைப் பார்க்கத் திருச்சிக்குப் புறப்பட்டார். ஸப்ரி வலப்பக்க ஜன்னலில் போட்டார். திரும்பி வந்த ஐயாவு ஒரு பை ரம்புட்டானைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பாத்தேங்க," என்றார். "தோசக்கல்லுல மாவு தெளிச்ச மாதிரி மணல் மணலா கிடக்குது. இந்தக் கர தெரியும்போதே அந்தக் கர வந்துருச்சு. இத்துனூண்டு கடலுங்க. இதுக்காங்க நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம கெழவனாயிட்டோம்?"

இந்தக் கதையை ஸப்ரி எத்தனை பேரிடம் சொன்னார் என்பதற்கு அளவில்லை. பள்ளிவாசலில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார். அவர் மனைவி ஸாஹிராவுக்கு அது மனப்பாடம்.

ஸாஹிரா பின்னேரங்களில் கடைக்கு வந்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்காருவாள். பருத்த உடம்பு, சிரித்த முகம், பத்து வருஷமாகச் சீனி வருத்தம் என்னும் நீரிழிவு, வலது முழங்காலில் தேய்மானம். அவர் பயணிகளிடம் பக்கத்தையும் வெயிலையும் விசாரிக்கும்போது, அவள் வேறு விஷயங்களை விசாரிப்பாள். மருந்தைக் கைப்பையில் வைத்தீர்களா? புள்ளையை யாரிடம் விட்டுப் போகிறீர்கள்? அங்கே போய் இறங்கினால் கூப்பிட ஆள் வருமா? புறப்படும் பெண்கள் அவருக்கு நன்றி சொல்வார்கள், அவளிடம் அழுவார்கள்.

மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மகள் ஸம்ஹாவின் கல்யாணம் முடிந்த அடுத்த வருஷம், இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், அது கைகூடியது. செய்தி தெரிந்ததும் ஊரில் பலரும் தங்களுக்காகத் துஆ, பிரார்த்தனை, கேட்கச் சொல்லி வந்தார்கள். தோட்டத்துப் பெண்களும் வந்தார்கள். "ஒங்க சாமிகிட்ட எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்று தர்மிளா கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாது, கஃபாவைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஸாஹிரா சமைக்கும்போதுகூட அந்தப் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பின்னேரம் ஸப்ரி தனக்கும் அவளுக்கும் சீட் பார்க்க உட்கார்ந்தார். முகத்தில் மாப்பிள்ளைக் களை. ஸாஹிரா மூலைக் கதிரையில் இருந்தாள்.

"இஞ்ச பாருங்க, எழும்பி நடக்க லேசான எடமாப் போடுங்க," என்றாள். "எனக்குக் காலை மடக்கிக் கனக்க நேரம் ஈக்க ஏலா. அடிக்கடி பாத்ரூமுக்கும் போக வேணும் தானே."

"ஆறு மணித்தியாலம் தானே ஸாஹிரா. கண்ண மூடித் தொறக்க ஜித்தா வந்திடும்."

"அதில்ல, நடைபாதக் கரையில உள்ள சீட்..."

"சனம் இந்த ஜன்னலுக்காக எனக்கிட்டக் கெஞ்சுது. நீங்க ஸப்ரிட பொஞ்சாதி. போய் நடைபாதையில குந்திக்கொண்டு வந்தா ஊரு சிரிக்கும்." அவர் சிரித்தார். கம்ப்யூட்டரில் ஒன்பதாம் வரிசையின் வலப்பக்கக் கடைசியை அவளுக்கும், அதற்கு அடுத்ததைத் தனக்கும் எடுத்தார். இறக்கைக்கு முன்னால், பின்னேர வெயில் படாத பக்கம், ஓமான் மலைகள் தெரியும் பக்கம். பதினைந்து வருஷத்தில் அவர் போட்ட மிகச் சிறந்த சீட் அதுதான் என்று அவருக்கே பட்டது.

ஸாஹிரா முழங்காலைத் தடவிக்கொண்டாள். அவர் சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை.

நடைபாதையோரத்து மூன்றாவது சீட்டுக்கு வந்தவர் அதே குழுவில் வந்த பாறூக் ஹாஜியார், கேகாலைக்காரர், எழுபது தாண்டிய கனத்த மனிதர். உம்ராவுக்கு உடுத்தியிருந்த வெள்ளை இஹ்ராம் துணியை ஒழுங்குபடுத்திக்கொண்டு உட்கார்ந்தார், விமானம் கிளம்பும் முன்பே குறட்டை விடத் தொடங்கினார். அவருடைய முழங்கால் முன்சீட்டில் முட்டிக்கொண்டு நின்றது. அவரை எழுப்பாமல் ஒருவரும் வெளியே போக முடியாது.

விமானம் ஏறியதும் ஸப்ரி குழந்தையாகிவிட்டார். தென்னந்தோப்பு, களப்பு, வெள்ளைக் கோடாகக் கரை. எல்லாம் மற்றவர்கள் சொன்னபடியே இருந்தது, ஆனால் சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது. "பாருங்க, பாருங்க" என்று ஸாஹிராவின் தோளைத் தட்டினார். அவள் ஒருதரம் எட்டிப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றாள். உடனே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உயரம் அவளுக்கு மயக்கத்தைக் கொடுத்தது. அதை அவர் தூக்கம் என்று எண்ணினார்.

சாப்பாடு வந்தது. அவள் சோற்றைக் கொஞ்சம் கிண்டினாள். தண்ணீர்க் கோப்பையைத் தொடவில்லை. பணிப்பெண் மீண்டும் ஜூஸ் தட்டோடு வந்தபோது வேண்டாம் என்று கையை அசைத்தாள்.

இதை அவர் கண்டார். இதுதான் பின்னாளில் அவரை அரித்த விஷயம். காணவில்லை என்றால்கூடத் தப்பியிருக்கலாம். அவள் உதடு காய்ந்திருந்ததைக் கண்டார், வலது காலை இரண்டு கையாலும் தூக்கி இடம் மாற்றி வைத்ததைக் கண்டார். மூன்றாவது மணித்தியாலத்தில் ஒருதரம், "எழும்பணுமா?" என்று கேட்கவும் செய்தார்.

அவள் தூங்கும் ஹாஜியாரைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆண், அவர் முழங்காலை உரசிக்கொண்டு தாண்ட வேண்டும். "வேணாம்," என்று தலையசைத்தாள்.

ஸப்ரிக்கு அப்பாடா என்றிருந்தது. ஏனென்றால் தூரத்தில், கடல் முடியும் இடத்தில், மண்ணிறமாக ஏதோ எழும்பத் தொடங்கியிருந்தது. அவள் மடியின் மேலாகக் குனிந்து, கைபேசியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் படம் எடுத்தார். மலைகள் துணியைக் கசக்கிப் போட்டதுபோல் மடிப்பு மடிப்பாக வந்தன. பச்சை என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. மழையும் ரப்பர் மரமும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது வேறு உலகமாக இருந்தது. அவருடைய முழங்கை அவள் வயிற்றில் அழுந்தியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மீக்காத், அதாவது உம்ராவுக்கான நிய்யத்தை, உறுதியை, எடுக்க வேண்டிய எல்லை, நெருங்குகிறது என்று விமானி அறிவித்தபோது விமானம் முழுக்க "லப்பைக்", இதோ வந்தேன் இறைவா, என்ற முழக்கம் எழுந்தது. பாறூக் ஹாஜியார் விழித்து நிமிர்ந்து அழுதுகொண்டே ஓதினார். ஸப்ரி மணல்வெளியில் சாயும் வெயிலை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஸாஹிரா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"நிய்யத் வெச்சீங்களா?"

அவர் திடுக்கிட்டுக் கைபேசியைக் கீழே போட்டார். அவசர அவசரமாக நிய்யத்தை வாயால் சொன்னார். அந்த இடத்துக்காகத்தான் வாழ்நாளெல்லாம் காத்திருந்தது, அந்த இடத்தில் கையில் இருந்தது கைபேசி.

ஜித்தாவில் இறங்கும்போது அவளால் முதுகை நிமிர்த்த முடியவில்லை. கால் மரத்துவிட்டது என்றாள். அன்றிரவே மக்காவில் சக்கர நாற்காலியில் வைத்து உம்ராவை முடித்தார்கள். சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகில் குத்து.

மருத்துவ நிலையத்தில் இருந்த தாதி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தாள், பிறகு சோதனைத் தாளைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஏம்மா, சுகர் இருக்குல்ல ஒங்களுக்கு? தண்ணியே குடிக்கலியா? ஒன்னுக்கு வந்தத அடக்கி வச்சீங்களா?"

ஸாஹிரா ஸப்ரியைப் பார்த்தாள். பிறகு தாதியிடம் மெதுவாகச் சொன்னாள்: "பிளேன்ல எழும்ப வெக்கமா ஈந்தது மகள். உள்ளுக்குள்ள மாட்டிக்கொண்டேன். தண்ணி குடிச்சா எழும்ப வேணும் தானே."

"கூட வந்தவங்ககிட்டச் சொன்னா நடக்குற வழியோரச் சீட்டு வாங்கிக் குடுத்திருப்பாங்களேம்மா."

ஸாஹிரா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். கேட்டேன், இவர்தான் போடவில்லை என்று அவள் சொல்லியிருந்தால் ஸப்ரிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மக்காவில் அவர்களுக்கு ஏழு நாள். அதில் ஐந்து நாள் அவள் ஹோட்டல் அறையில் கிடந்தாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவரும் குளிரூட்டிப் பெட்டிகளும் தெரிந்தன. ஸப்ரி பக்கத்திலேயே இருக்கிறேன் என்றார், அவள் விடவில்லை. "நீங்களாவது போங்க. வக்துக்கு வக்து போய்த் தொழுதிட்டு வாங்க." அவர் போய் வருவார். செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கேட்பாள்: "சனம் நெறைய ஈந்ததா? எந்தப் பக்கமா நின்டீங்க? கஃபா தெரிஞ்சதா?" பசியோடு இருக்கிறவள் அடுத்த வீட்டுச் சமையலை விசாரிப்பதுபோல் இருந்தது அது. தெரிந்ததைக்கூடத் தெரியவில்லை என்று இரண்டு தடவை பொய் சொன்னார்.

கடைசி இரண்டு நாள் அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார். அவள் கை உயர்த்தி, பெயர் பெயராகக் கேட்கத் தொடங்கினாள். பாதியிலேயே களைத்துத் தலை தொங்கியது. மதீனா போனார்கள், ஊர் திரும்பும் நாளும் வந்தது.

திரும்பும்போது ஸப்ரி விமான நிலையக் கவுண்டரில் நின்று, நடைபாதையோரம் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஸாஹிரா அங்கே உட்கார்ந்து காலை நீட்டினாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் அதே குழுவில் வந்த ரம்புக்கனைக்காரி பஹ்மா இருந்தாள். இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். மருமகள்மார், சீனி வருத்தத்துக்குக் கோவக்காய் நல்லதா பாகற்காய் நல்லதா, ரம்புக்கனை ஸ்டேஷனில் ரயில் மலையேற நிற்பது. நாலு தடவை எழும்பி நடந்து வந்தாள். ஒருதரம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். நடுச்சீட்டில் இருந்த ஸப்ரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் இருந்த இளைஞன் திரையை இழுத்துவிட்டுத் தூங்கினான். திறக்கச் சொல்லிக் கேட்க ஸப்ரிக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது மனிதர்களை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு, கடையின் மூலையில் அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்கு வந்ததும் கடை நிறைய ஆட்கள். ஸப்ரி நானா கடைசியில் பறந்துவிட்டார், என்ன கண்டார் என்று கேட்க வந்தவர்கள். அவர் ஓமான் மலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வாய் பழக்கத்தில் சொல்லிக்கொண்டே போனது. பேச்சு நடுவில் ஒருவர் மூலைக் கதிரையில் இருந்த ஸாஹிராவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க தான் ஜன்னல் கிட்டயாம். என்னத்தக் கண்டீங்க ராத்தா?"

"எல்லாம் நல்லா ஈந்தது," என்றாள் ஸாஹிரா. "இவர் பாத்துப் பாத்துத்தான் போட்டார்."

ஸப்ரி சொல்ல வந்ததை நிறுத்திவிட்டு, தேத்தண்ணி சொல்லிவிட்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போனார். அவள் கோபித்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அவள் ஊருக்கு முன்னால் அவரைக் காப்பாற்றிவிட்டாள். அந்த மலைக்கதையை அதன்பிறகு அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. கைபேசியிலிருந்த படங்களையும் பார்க்கவில்லை.

அடுத்த வருஷமே மறுபடி கூட்டிப்போவது என்று மனதுக்குள் முடிவெடுத்தார். நடைபாதையோரத்தில், பெண்கள் பக்கத்தில், பாத்ரூமுக்குக் கிட்ட. அடுத்த வருஷம் கொரோனா வந்து விமானமெல்லாம் தரையில் நின்றது. அது தீர்ந்து மூச்சு விடுவதற்குள் நாடு சரிந்து, பெட்ரோல் வரிசையில் நிற்பதே பயணமாகிப் போனது. கடையைத் திறந்து வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்த மாதங்கள் அவை. அதற்குப் பிறகு, ஆள்வரத்து மெல்லத் திரும்பிய காலத்தில், ஸாஹிராவின் கால் வீங்கத் தொடங்கியது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டொக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். சிறுநீரகம் இரண்டும் பலவீனப்பட்டுவிட்டது என்றார். "துர கமன் யன்ன எப்பா" என்று சிங்களத்தில் கண்டிப்பாகச் சொன்னார், தூரப் பயணம் வேண்டாம். ஸப்ரி அவளை வெளியே பெஞ்சில் இருத்திவிட்டுத் தனியாக உள்ளே போய்க் கேட்டார். அந்த விமானப் பயணம், அந்தக் காய்ச்சல், அதனாலா இது? டொக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். பத்துப் பதினைந்து வருஷத்துச் சீனி செய்த வேலை, ஒரு நாளில் வந்ததல்ல என்றார். ஸப்ரி நன்றி சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பதில் அவருக்கு ஒரு ஆறுதலையும் கொடுக்கவில்லை. நோய் அவர் செய்ததல்ல என்றாலும், மக்காவில் பறிபோன ஐந்து நாள் அவர் செய்ததுதான். அதைத் திருப்பிக் கொடுக்கும் வழி இப்போது அடைபட்டுவிட்டது.

கடையில் அவர் இன்னும் சீட் போட்டுக் கொடுக்கிறார். பழைய கேள்விகளைக் கேட்பதில்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஸப்ரி நானா மாறிவிட்டார், வாயால் கேட்டதை மட்டும் போட்டுக் கொடுக்கிறார் என்கிறார்கள்.

போன ரமழானுக்கு முந்திய வாரம் ஒரு காலை. ஸாஹிரா குசினியில் ஸ்டூலில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். உம்ராவுக்குப் போகும் ஒரு குழுவுக்கு டிக்கட் போட வேண்டியிருந்ததால் ஸப்ரி நேரத்தோடு புறப்பட்டார், வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஸாஹிரா, அன்டைக்கு நீங்க கரைச் சீட்டு கேட்டீங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை.

"ஓ. கேட்டேன்."

"நான் கேக்கல்ல."

"கேக்கல்ல தான்." அவள் ஒரு காயை ஒடித்தாள். "இவ்வளவு நாளும் மனசுல வெச்சுக்கொண்டா ஈந்தீங்க?"

"என்ட பெருமைக்கு ஒங்கள அதுக்குள்ள அடச்சு வெச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

"அல்லாஹ்வே, அது எப்பவோ மன்னிச்சாச்சு. ஒங்கள்ல எனக்கு ஒரு கோவமும் இல்ல." சொல்லிவிட்டு அவள் சிறிது நேரம் கையை மடியில் வைத்திருந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. "ஆனா அந்த அஞ்சு நாள நெனைக்கக்குள்ள கவலை தான். கஃபாட பக்கத்துல போய்ப் படுத்துக் கெடந்திட்டு வந்தேனே. அதுக்கு நீங்க என்ன செய்ய, நான் என்ன செய்ய."

வெளியே மழை பிடித்துக்கொண்டது, பக்கத்து வீட்டில் யாரோ ஓடி உடுப்புகளை எடுத்தார்கள். ஸப்ரி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். கூடையிலிருந்து ஒரு பிடி காயை எடுத்தார். அவள் தடுக்கவில்லை.

"நார எடுங்க," என்றாள். "நீங்க எடுக்காமப் போடுறீங்க."